டிரங்குப் பெட்டியில் இருந்த காகிதம்

(ஆதரவாளர்கள் கூட்டத்தில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



உங்கள் காணிக்கை எந்த வார்டுக்குப் போயிற்று, எத்தனை நோயாளிகளுக்கு உதவிற்று என்று வருடந்தோறும் இந்தக் கூட்டத்தில் சொல்லுவது வழக்கம். அந்தக் கணக்கை நிர்வாக அதிகாரி சற்று முன்புதான் வாசித்தார். எங்களிடம் வேறொரு கணக்கு இருக்கிறது. ஏழை நோயாளிகள் நிதியிலிருந்து ஒரு மனிதருக்கு 11 வருடம் இலவசமாக வைத்தியம் செய்தோம். அதை அப்போது பெருமையாகவே நினைத்தோம். அவர் யாரிடமும் தர்மம் வாங்க வேண்டிய நிலையிலேயே இருந்திருக்க வேண்டியதில்லை என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. கொடுத்த நீங்கள் தவறு செய்யவில்லை. கேட்க வேண்டிய ஒரு கேள்வியை நாங்கள்தான் கேட்கவில்லை.

இந்த வட்டாரத்தை நீங்கள் அறிவீர்கள். வேலூர், திருவண்ணாமலைப் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போன ஊர்கள் உண்டு. கண்ணமங்கலத்துக்குப் பக்கத்தில் உள்ள கம்மவான்பேட்டையை இராணுவப்பேட்டை என்றே சொல்லுகிறார்கள். 1914 முதல் 1919 வரை நடந்த மகா யுத்தத்துக்கு இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று எழுதிய கல் நம் நாட்டில் பல ஊர்களில் இன்னும் நிற்கிறது. திரும்பி வந்தும் முழு மனிதராக வராதவர்களின் கணக்கு அப்படிப்பட்ட கல்லில் இராது. அவர்களில் சிலர் எங்கள் வெளிநோயாளர் வரிசையில் நிற்கிறார்கள்.

நாங்கள் சொல்லும் மனிதரை ஊழியர்கள் எல்லாரும் மிலிட்டரி அண்ணன் என்று கூப்பிடுவார்கள். 2003இல் மழைக்காலத்தில் முதன்முதலாக வந்தார். வலிப்பு வந்து அடுப்பின்மேல் விழுந்து, வலது கை முழங்கை வரை வெந்துபோயிருந்தது. தோல் ஒட்டு வைத்து, 7 வாரம் வார்டில் வைத்திருந்து அனுப்பினோம். அதற்குப் பிறகு வருடத்தில் இரண்டு மூன்று முறையாவது வருவார். ஒரு முறை தலையில் காயம், ஒரு முறை பல் உடைந்து, ஒரு முறை கிணற்று மேட்டிலிருந்து விழுந்து. வலிப்பு மாத்திரை தீர்ந்துபோனால் வாங்கக் காசு இராது. மாத்திரை நின்றால் வலிப்பு வரும். வலிப்பு வந்தால் காயம் வரும். காயத்துக்கு நாம் வைத்தியம் செய்வோம், மாத்திரையும் கொடுத்து அனுப்புவோம், அது தீரும்.

சிப்பாயாக 9 வருடம் இருந்தவர். மலையில் பனியில் பணி செய்தபோது முதன்முதலாக வலிப்பு வந்தது என்றும், 1996இல் போர்டு அவுட் ஆகி வந்துவிட்டேன் என்றும் சொல்லியிருக்கிறார். போர்டு அவுட் என்றால், மெடிக்கல் போர்டு கூடி இவர் இனிப் பணிக்கு ஏற்றவர் அல்ல என்று எழுதி வீட்டுக்கு அனுப்புவது. அவர் கட்டிலருகே நாங்கள் எத்தனையோ முறை உட்கார்ந்திருக்கிறோம். ஜெபித்திருக்கிறோம். பிள்ளைகளின் படிப்பை விசாரித்திருக்கிறோம். உமக்கு ஏன் பென்ஷன் இல்லை என்று ஒரு நாளும் கேட்டதில்லை. 9 வருடச் சர்வீஸுக்குப் பென்ஷன் கிடையாது என்று அவரே சொல்லுவார். நாங்களும் அப்படித்தான் போலும் என்று விட்டுவிட்டோம். செமினரியில் எங்களுக்குக் கிரேக்கு கற்றுக்கொடுத்தார்கள், எபிரெயு கற்றுக்கொடுத்தார்கள். ஓய்வூதிய விதிகளை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

அவர் சொன்னதில் பாதி உண்மை. சிப்பாய்க்குச் சாதாரண ஓய்வூதியம் வேண்டுமானால் 15 வருடப் பணி வேண்டும். ஆனால் பணியின் காரணமாக உடல் கெட்டு வெளியே வந்தவருக்கு வேறொரு ஓய்வூதியம் இருக்கிறது. ஊன ஓய்வூதியம் என்று நாம் சொல்லலாம், பட்டாளத்தார் டிஸபிலிட்டி பென்ஷன் என்பார்கள். அதற்கு இத்தனை வருடம் பணி செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. இரண்டு கேள்விகளுக்கு மெடிக்கல் போர்டு என்ன பதில் எழுதியது என்பதே முக்கியம். இந்த நோய் அல்லது காயம் பணியால் வந்ததா, அல்லது முன்பே இருந்தது பணியால் மோசமானதா என்பது முதல் கேள்வி. ஊனம் எத்தனை சதவீதம் என்பது இரண்டாவது. பணிக்குச் சம்பந்தமில்லை என்று எழுதிவிட்டால் கதவு மூடிவிடும். சம்பந்தம் உண்டு, 20 சதவீதமோ அதற்கு மேலோ உண்டு என்றால் திறக்கும். அந்த ஒரு வரியில் ஓய்வூதியம் மட்டுமல்ல, அவர் காலமான பிறகு மனைவிக்கு வரும் குடும்ப ஓய்வூதியமும், 2003இல் தொடங்கிய முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தில் சேரும் தகுதியும் தொங்கிக்கொண்டிருக்கின்றன.

2014இல் அவருடைய மனைவி ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்தார்கள். ரேஷன் கார்டில் பெயர் திருத்துவதற்குப் பழைய காகிதம் ஏதாவது உதவுமா என்று எங்களிடம் கேட்கத்தான் வந்தார்கள். கறுப்பு டிரங்குப் பெட்டியின் அடியில் 18 வருடம் கிடந்த உறை அது. அதில் டிஸ்சார்ஜ் புக் இருந்தது. மடித்து மடித்து ஓரம் கிழிந்த மெடிக்கல் போர்டு அறிக்கையின் நகலும் இருந்தது. எங்களுக்கு அதில் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. பிசியோதெரபிப் பிரிவில் வேலை செய்யும் உதவியாளர் ஒருவர் இராணுவ மருத்துவப் படையில் நர்சிங் அசிஸ்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரைக் கூப்பிட்டுக் காட்டினோம். நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து இன்னொரு முறை படித்தார்.

"ஐயா, ஊனம் 20 சதவீதம்னு போட்டிருக்காங்க. உடல்வாகால வந்த நோய், சர்வீஸுக்குச் சம்பந்தமில்லைன்னும் போட்டிருக்காங்க. ஆனா சேர்த்த அன்னைக்கு இவருக்கு வலிப்பு இருந்ததுன்னு எங்கேயும் எழுதலையே. ஏன் சம்பந்தமில்லைன்னு காரணமும் எழுதலை. இது கோர்ட்டுல நிக்காதுங்க."

எப்படி இவ்வளவு நிச்சயமாகச் சொல்லுகிறீர் என்று கேட்டோம். தரம்வீர் சிங் என்ற பெயரை அப்போதுதான் முதன்முதலாகக் கேள்விப்பட்டோம்.

அவர் சிக்னல்ஸ் படைப்பிரிவில் 1985 ஜூன் 15இல் சிப்பாயாகச் சேர்ந்தவர். 1994 ஏப்ரல் 1இல், வலிப்பு நோய் என்று 20 சதவீத நிரந்தர ஊனத்தோடு அனுப்பப்பட்டார். உடல்வாகு நோய், பணிக்குச் சம்பந்தமில்லை என்று மெடிக்கல் போர்டு எழுதியது. ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2013 ஜூலை 2இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ந்தது. நீதிபதிகள் புதிதாக எதையும் உண்டாக்கவில்லை. 1982ஆம் வருட விதிகளில் ஏற்கெனவே எழுதியிருந்ததை எடுத்து வைத்தார்கள். பட்டாளத்தில் சேர்க்கும்போது தலை முதல் கால் வரை சோதித்துத்தான் எடுக்கிறார்கள். அன்று ஒரு நோயும் குறிக்கப்படவில்லை என்றால், அவர் ஆரோக்கியமாக உள்ளே போனார் என்றே கொள்ள வேண்டும். பிறகு வந்த நோய்க்குப் பணியே காரணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படி அல்ல என்று போர்டு நினைத்தால், காரணத்தை எழுத வேண்டியது போர்டின் பொறுப்பு. சிப்பாய் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. சந்தேகம் இருந்தால் அதன் பலன் சிப்பாய்க்கு.

இதை நாங்கள் இரண்டு முறை படித்துப் பார்த்தோம். விதி 1982இலேயே இருந்திருக்கிறது. நம்முடைய மிலிட்டரி அண்ணன் வீட்டுக்கு அனுப்பப்பட்டது 1996. அவர் எங்களிடம் வந்தது 2003.

தொகையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் 20 சதவீதம் என்றால் என்ன பெரிய பணம் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். இந்த ஓய்வூதியத்தில் இரண்டு பாகம் உண்டு. ஒன்று பணிக்கான பாகம், மற்றது ஊனத்துக்கான பாகம். 2006 முதல் உள்ள முறைப்படி, 100 சதவீத ஊனம் என்றால் ஊனத்துக்கான பாகம் கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 30 சதவீதம். ஊனம் குறைந்தால் அந்த அளவுக்குக் குறையும். கடைசிச் சம்பளம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழு ஊனத்துக்கு 12,000. 20 சதவீதத்துக்கு 2,400. ஆனால் போர்டு அவுட் ஆனவர்களுக்கு 1996 ஜனவரி 1 முதல் ஒரு சலுகை வந்தது. 50க்குக் குறைவாக இருந்தால் 50 என்று எடுத்துக்கொள்ள வேண்டும். 50 முதல் 75 வரை என்றால் 75. அதற்கு மேல் என்றால் 100. அப்படியானால் அந்த 2,400 ரூபாய் 6,000 ஆகிறது. பணிக்கான பாகமும் அகவிலைப்படியும் இதற்கு மேல். ஊனத்தோடு பணிக்காலம் முழுவதையும் முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை என்று அரசாங்கம் நெடுநாள் சொல்லிவந்தது. ராம் அவதார் என்பவர் சம்பந்தப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014 டிசம்பர் 10இல் அவர்களுக்கும் உண்டு என்றது. அதே வருடத்தில் சுக்விந்தர் சிங் வழக்கில் இன்னொன்றும் சொன்னார்கள். ஊனத்தைக் காரணம் காட்டி ஒருவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, உன் ஊனம் 20க்குக் குறைவு, ஆகையால் ஒன்றும் இல்லை என்று சொல்லக்கூடாது. பணிக்கே ஆகாத உடம்பு என்றால் அது குறைந்தது 20 என்று கொள்ள வேண்டும். எதிரியின் குண்டில் அடிபட்டவர்களுக்குப் போர்க்காய ஓய்வூதியம் என்று தனியாக, இதைவிடக் கூடுதலாக உண்டு.

எல்லாருக்கும் எல்லாம் கிடைக்கும் என்று நாங்கள் சொல்லவில்லை. விடுமுறையில் வீட்டுக்கு வந்து, சொந்த வேலை செய்யும்போது விழுந்து அடிபட்டால் பொதுவாகக் கிடைக்காது. பணிக்கும் காயத்துக்கும் ஒரு தொடர்பு வேண்டும். வசதியாக இருப்பவர்கள் சர்க்கரை வியாதியையும் இரத்த அழுத்தத்தையும் காட்டி இதை வாங்குகிறார்கள் என்ற குற்றச்சாட்டும் சில வருடங்களாக இருக்கிறது. 2023 செப்டம்பர் 21 முதல் புதிய விதிகள் வந்திருக்கின்றன. அதற்குப் பிறகு வெளியே வந்தவர்கள் இன்று நாங்கள் சொன்ன கணக்கை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம், அவர்களுக்கு முறை மாறியிருக்கிறது. குற்றச்சாட்டில் உண்மை இருக்கலாம். ஆனால் 20 வருடமாக எங்கள் வார்டில் நாங்கள் பார்த்தவர்களில், தகுதி இல்லாமல் வாங்கினவர் ஒருவரையும் பார்க்கவில்லை. தகுதி இருந்தும் வாங்காதவர்களையே பார்க்கிறோம்.

மிலிட்டரி அண்ணனிடம் திரும்புகிறோம். விஷயத்தைச் சொன்னதும் அவர் சந்தோஷப்படவில்லை. கோபப்பட்டார். "எனக்கு நோய்க்காக அரசாங்கம் காசு கொடுக்கணுமா ஐயா? மத்தவன் என்ன சொல்லுவான்?" என்றார். நம்மிடம் இலவச வைத்தியம் பெற்றுக்கொண்டவர், அரசாங்கத்திடம் உரிமையைக் கேட்க வெட்கப்பட்டார். நாங்கள் அவரோடு வாதாடவில்லை. அந்த உதவியாளர்தான் அவரை வராந்தாவுக்கு அழைத்துப்போய், பட்டாளத்து இந்தியில் ஏதோ பேசினார். அரைமணி கழித்து இருவரும் டீ குடித்துவிட்டு வந்தார்கள். என்ன பேசினீர் என்று இன்றுவரை எங்களிடம் சொல்லவில்லை.

பிறகு நடந்ததை விரிவாகச் சொன்னால் பொழுது போதாது. டிஸ்சார்ஜ் புக்கில் உள்ள எண்ணை வைத்து, அவருடைய படைப்பிரிவின் ரெக்கார்டு ஆபீஸுக்குப் பதிவுத் தபாலில் எழுதினோம். மெடிக்கல் போர்டு அறிக்கையின் முழு நகலைக் கேட்டோம். ஓர் அலுவலகத்தில், இத்தனை வருடம் தூங்கிவிட்டு இப்போது எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி அவரைவிட எங்களை அதிகமாகச் சுட்டது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் மேல்முறையீட்டு மனுவை எழுத உதவினார்கள். அந்த மனு தள்ளப்பட்டது. ஆயுதப்படைத் தீர்ப்பாயம் என்று ஒன்று 2007இல் சட்டம் இயற்றி ஏற்படுத்தப்பட்டு, 2009 முதல் நடக்கிறது. அதன் சென்னை அமர்வில் 2016இல் மனுப் போட்டோம். ஒரு வழக்கறிஞர் சகோதரர் கட்டணம் வாங்காமல் நடத்தினார். 2018இல் தீர்ப்பு வந்தது. ஓய்வூதியம் உண்டு, 20 என்பதை 50 ஆக எடுத்துக்கொள்ள வேண்டும், வாழ்நாள் முழுவதும் கொடுக்க வேண்டும்.

பாக்கித் தொகை மட்டும் மனுப் போட்ட நாளுக்கு 3 வருடம் முன்பிலிருந்துதான். இது அவருக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 1983இல் வெளியேற்றப்பட்டு 1999இல் நீதிமன்றம் போன தர்சேம் சிங் என்பவருடைய வழக்கில், உச்ச நீதிமன்றம் 2008இலேயே 16 வருடப் பாக்கியைக் கொடுக்க முடியாது, மனுவுக்கு முந்தின 3 வருடம் 2 மாதத்துக்கே கொடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறது. மாதாமாதம் வர வேண்டிய ஓய்வூதியம் ஆகையால் உரிமை சாகாது. ஆனால் தாமதித்த வருடங்களின் பணம் போய்விடும்.

ஆகவே அவருக்கு 2013 முதல் கிடைத்தது. அன்று இரவு நாங்கள் ஆராதனை அட்டவணையின் பின்பக்கத்தில் கூட்டிப் பார்த்தோம். அவர் முதலில் வந்த 2003இலேயே கேட்டிருந்தால், 2005இலாவது மனுப் போட்டிருக்கலாம். அப்படியானால் 2002 முதல் கிடைத்திருக்கும். 2002க்கும் 2013க்கும் இடையில் 11 வருடம். அந்த வருடங்களில் அவருடைய மூத்த மகள் பத்தாம் வகுப்போடு நின்று தீப்பெட்டி ஒட்டப் போனாள். அவள் படிப்பு நின்றதற்காக நாங்கள் வருத்தப்பட்டு ஜெபித்ததும் எங்களுக்கு நினைவிருக்கிறது. தீர்ப்பு வந்த வாரம் அவர் எங்களுக்கு நன்றி சொல்ல வந்தபோது, இந்தக் கூட்டலை அவரிடம் காட்டினோம். மறைப்பது நியாயமாகத் தோன்றவில்லை. அவர் காகிதத்தைப் பார்த்தார், மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "விடுங்க ஐயா, நானும் பெட்டியைத் திறக்கலையே" என்றார்.

அவர் 2021இல் காலமானார். அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது.

வேறு இடங்களில் இதைவிட நீண்ட காத்திருப்பும் நடந்திருக்கிறது. சியாச்சின் பனிமலையில் பணி செய்து, வலிப்பு நோயோடு 1989இல் அனுப்பப்பட்ட பிஜேந்தர் சிங் என்ற சிப்பாய்க்கு உச்ச நீதிமன்றம் ஊன ஓய்வூதியம் கொடுக்கச் சொன்னது 2025 ஏப்ரலில்தான். 36 வருடம்.

இப்போது நாங்கள் செய்கிறதைச் சொல்லிவிடுகிறோம். புதன்கிழமைகளில் வெளிநோயாளர் பிரிவில் மருந்துக் கவுண்டருக்குப் பக்கத்தில் ஒரு மேஜை போட்டிருக்கிறோம். அந்த உதவியாளர் ஓய்வு பெற்ற பிறகும் அன்றைக்கு வருகிறார். நோயாளிச் சீட்டில் தொழில் என்ற இடத்தில் முன்னாள் படைவீரர் என்று யாராவது சொன்னால், சீட்டு எழுதும் பெண்மணி இந்த மேஜைக்கு அனுப்பிவிடுவார். டிஸ்சார்ஜ் புக் இருக்கிறதா, மெடிக்கல் போர்டு நடந்ததா, அதன் காகிதம் எங்கே என்று மூன்றே கேள்விதான். காகிதம் இல்லை என்றால் ரெக்கார்டு ஆபீஸுக்கு எழுதிப் பெறலாம். பென்ஷன் வாங்குகிறவர்களுக்கும் ஒரு கேள்வி உண்டு. ஓய்வூதிய ஆணையில் ஊனத்துக்கான பாகம் என்று ஏதாவது போட்டிருக்கிறதா, போட்டிருந்தால் எத்தனை சதவீதம்? சிலர் அந்தத் தாளைப் பிரித்தே பார்த்ததில்லை. பலருடைய கணக்கு ஸ்பர்ஷ் என்ற கணினி முறைக்கு மாறிவிட்டது. கைபேசி எண் மாறிப்போனவர்களும், வருடாந்தர உயிர்வாழ் சான்று கொடுக்கத் தெரியாதவர்களும் வருகிறார்கள். அதற்கும் கொஞ்சம் உதவுகிறோம்.

இதற்குப் பெரிய பணம் தேவையில்லை. நகல் எடுக்க, தபாலுக்கு, சென்னைக்குப் பஸ் செலவுக்கு. வலிப்புள்ளவரைத் தனியாக அனுப்ப முடியாது, ஆகையால் இரண்டு டிக்கெட். உங்கள் சபையில் பட்டாளத்திலிருந்து உடல்நலம் கெட்டு வந்தவர் யாராவது இருந்தால், ஆராதனை முடிந்து போகும்போது இதைச் சொல்லுங்கள். சுகமா என்று விசாரிப்பதோடு, உங்கள் டிஸ்சார்ஜ் புக்கை ஒரு முறை எடுத்துப் பார்த்தீர்களா என்றும் கேளுங்கள். பணம் அனுப்புவதைவிட இது எங்களுக்குப் பெரிய உதவி. நிர்வாக அதிகாரி முகத்தைப் பார்க்கிறோம், பணமும் அனுப்பலாம்.

போன புதன்கிழமை ஓர் அம்மா வந்தார்கள். கணவர் 1991இல் போர்டு அவுட் ஆனவர், காது இரண்டும் கேட்பதில்லை. பீரங்கிப் படையில் இருந்தவராம். மெடிக்கல் போர்டில் என்ன எழுதினார்கள் என்று அவருக்குத் தெரியாது. அப்போதே அவர்கள் சொன்னது காதில் விழவில்லை என்று அம்மா சொன்னார்கள். காகிதம் ஒன்றும் கையில் இல்லை, வீட்டில் ஒரு பெட்டி இருக்கிறது, சாவி தொலைந்துபோயிற்று. பூட்டை உடைத்துவிட்டு அடுத்த புதன் வரச் சொல்லியிருக்கிறோம்.